சொல்லுக்கு ஆள் தேடியவள்

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். வீட்டில் வைத்த பெயரை அங்கே யாரும் கேட்டதில்லை, அவளும் சொல்லிக்கொண்டதில்லை. படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து அவள் ஓர் உதறு உதறினால் அது சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளைபோல மடிந்து மேசையில் போய் உட்காரும். புதிதாகச் சேர்ந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

"அக்கா, இன்னொரு தடவ காட்டுங்க."

"காட்டறதுக்கு இது என்ன சர்க்கஸா? அந்த முனையப் புடி."

அந்தக் கூடத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. டாக்டரோ, நர்ஸோ, வாசல் காவலரோ, யாருடைய சீருடையாக இருந்தாலும் காலருக்கு உள்பக்கம் ஒரு துணிப்பட்டையில் பெயர் எழுதித் தைத்திருக்க வேண்டும். பட்டை இல்லாத சட்டை மெஷினுக்குள் போனால் வெளுத்துத்தான் வரும். ஆனால் யாருடையது என்று தெரியாமல் மூலையில் இருக்கும் தொட்டிக்குப் போய்விடும். அந்தத் தொட்டியில் விழுந்ததை உரியவர் வந்து எடுத்துப் போனதாகச் சரித்திரம் இல்லை. ஆள் இல்லாத துணி தொலைந்துபோகும் என்பது மடிப்பக்காவின் ரத்தத்தில் ஊறிய பாடம். அவள் இங்கிலீஷ் படிக்கத் தொடங்கியபோது வந்த வம்பெல்லாம் இந்தப் பாடத்திலிருந்துதான் வந்தது.

படிக்க வைத்தது இருமல். சலவைக்கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் என்று சொல்லிக்கொள்ள ஒரு கம்பிச் சட்டம். மற்றபடி நாள் முழுக்க நீராவிதான். வருஷக்கணக்காக அதைச் சுவாசித்த நெஞ்சு ஒருநாள் முரண்டு பிடித்தது. நான்கு விரிப்பு மடிப்பதற்குள் நாற்காலியைத் தேட வேண்டியிருந்தது. பரிசோதித்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இந்த ஆவிய விட்டு வெளிய வந்தாத்தாம்மா இது போகும். அங்கயே இருந்துகிட்டு மருந்து சாப்பிடறது வெறும் கண்துடைப்பு" என்றார்.

வெளியே வருவதென்றால் இரண்டே வழி. ஒன்று, வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காருவது. அந்த நினைப்பே அவளுக்கு வேப்பங்காயாகக் கசந்தது. இன்னொன்று, மாடியில் வார்டு உதவியாளர் வேலை. வெளிச்சமும் காற்றும் உள்ள வேலை. ஆனால் அங்கே நர்ஸுகள் பல தேசத்தவர்கள். அவர்களுக்குள் பொதுவாக இருந்த ஒரே பாஷை இங்கிலீஷ். ஷிஃப்ட் மாறும்போது எந்தக் கட்டிலில் யார் எப்படி இருக்கிறார்கள் என்பதை உதவியாளரும் வாய் திறந்து சொல்ல வேண்டும். அதற்காக ஆஸ்பத்திரியே ஒரு வகுப்பு நடத்தியது. முடிவில் தலைமை சிஸ்டர் வைக்கும் தேர்வில் தேறினால் வார்டு. தேறாவிட்டால் வீடு.

பள்ளியில் இங்கிலீஷ் பீரியட் வந்தால் டீச்சருக்குக் காய்ச்சல் வரட்டும் என்று வேண்டிக்கொண்டவள் அவள். ஆனாலும் சேர்ந்தாள்.

வகுப்பு எடுத்த நர்ஸ் அவளைவிட வயதில் சிறியவள், தமிழும் பேசுவாள். எல்லோரும் வகுப்பு சிஸ்டர் என்றார்கள். அவளுடைய முறை எளிமையானது. வாரத்துக்குக் கொஞ்சம் வார்த்தைகள். ஒவ்வொன்றையும் சொந்தமாக ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். "புத்தகத்துல இருக்கற வாக்கியம் வேண்டாம். உங்க வாக்கியம் வேணும்" என்பாள்.

மடிப்பக்கா வார்த்தைகளை மனப்பாடம் செய்தாள். பஸ்ஸில் ஏறுவதற்குள் அவை பறந்துவிட்டன. மறுநாளும் அப்படியே. அப்போதுதான் அவளுக்குத் தொட்டி நினைவுக்கு வந்தது. சும்மா விட்டால் எப்படி நிற்கும்? காலரில் பட்டை வேண்டாமா? அன்று முதல் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஓர் ஆளைப் பிடித்தாள். பிடிவாதத்துக்கு 'ஸ்டபர்ன்' என்றார்கள். அதைக் கணவனுக்குத் தைத்தாள். குறை சொல்வதற்குக் 'கம்ப்ளெயின்'. அது சந்தேகமில்லாமல் மாமியாருக்கு. ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாமல் அலைவது 'ரெஸ்ட்லெஸ்'; செல்ஃபோன் கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் அதற்கென்றே பிறந்தவள். ஒன்றைச் செய்ய மனமில்லாமல் தயங்குவது 'ரிலக்டன்ட்'. அதற்கு வீட்டில் ஆள் கிடைக்காமல் சலவைக்கூடத்தின் மெஷின்காரரைப் பிடித்தாள். சோப்பண்ணன் என்று பெயரெடுத்த அவர் வீட்டில் குளிக்க அழுவார் என்பது ஊரறிந்த ரகசியம். "நாள் முழுக்க சோப்புத் தண்ணியில நிக்கறேன். வீட்டுக்குப் போயி வேற குளிக்கணுமா?" என்பது அவர் கட்சி.

அப்புறம் ஒரு வார்த்தைகூடத் தொலையவில்லை.

தொலையாததுதான் வினையாயிற்று. ஒருநாள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மாமியாருக்குப் பாம்புக் காது.

"என்னடி வாய்க்குள்ள? என்னைத் திட்டறியா?"

"ஐயோ இல்ல அத்தை. பாடம் படிக்கிறேன்."

"பாடம்னா சத்தமாப் படி. நானும் தெரிஞ்சுக்கறேன்."

மடிப்பக்காவுக்குப் பொய் சொல்ல வராது. "மை மதர்-இன்-லா கம்ப்ளெயின்ஸ் எவ்ரி டே" என்றாள்.

கூடத்தில் தலை வாரிக்கொண்டிருந்த நாத்தனார் சீப்பைக் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, நீ தினமும் குறை சொல்றியாம்மா!"

"நானா? நான் குறை சொல்றேனா? இந்த வீட்ல நான் வாயத் தொறந்து பல வருஷம் ஆச்சு. டீயில சக்கரை இல்ல, சொன்னேனா? கதவு கிறீச்சுனு கத்துது, சொன்னேனா? உங்கண்ணன் செருப்ப நடுவாசல்ல விடறான், சொன்னேனா?"

"அம்மா, மூச்சு விட்டுக்கோ."

"எனக்கு இந்த வார்த்தை வேண்டாம். வேற நல்லதாப் பாத்துக் குடு."

"நல்ல வார்த்தை வரிசையில வருது அத்தை. வந்ததும் உங்களுக்குத்தான்" என்று மடிப்பக்கா தாஜா செய்தாள்.

பஸ் ஓட்டிவிட்டுக் களைத்து வந்த கணவனிடம் விஷயம் போயிற்று. "எனக்கு என்னவாம்?" என்றார். சொன்னாள். "நான் ஒண்ணும் பிடிவாதக்காரன் இல்ல" என்றார். "சரி, இல்லன்னே வச்சுக்குவோம். அந்தச் செருப்ப ஓரமா விடுங்களேன்." "அது அங்கதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நாத்தனாருக்கு மறுபடியும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

இப்படி வீடே வார்த்தைகளைப் பங்கு போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்த சமயத்தில்தான் வகுப்பில் ஒத்திகை வந்தது. கேண்டீனில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, லிஃப்ட் ஓட்டுபவரை நோயாளியாகப் படுக்க வைத்தார்கள். மனிதருக்கு நடிக்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் போதாதா? முனகினார், புரண்டார், கரண்டியை நீட்டினால் தலையை அந்தப் பக்கம் திருப்பினார்.

"சாப்பிட மாட்டேங்கறார். இவரப் பத்தித் தலைமை சிஸ்டர்கிட்ட என்ன சொல்லுவீங்க?" என்று வகுப்பு சிஸ்டர் மடிப்பக்காவைக் கேட்டாள்.

வார்த்தை தயாராக நின்றது. "மை ஹஸ்பண்ட் இஸ் ஸ்டபர்ன்" என்றாள்.

நோயாளி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "யம்மா! நான் எப்பம்மா உன் புருஷன் ஆனேன்? என் வீட்டுக்காரி காதுல விழுந்தா என் கதை முடிஞ்சுது!"

கேண்டீனே அதிர்ந்தது. மடிப்பக்காவும் சிரித்தாள். ஆனால் சிஸ்டர், "வீட்டுக்காரர விடுங்க, இவரச் சொல்லுங்க" என்றபோது அவளுக்கு நாக்கு எழவில்லை. ஸ்டபர்ன் என்றால் வாசல் நடுவில் கிடக்கும் செருப்பு. அதைக் கழற்றி இந்த லிஃப்டுக்காரருக்கு எப்படி மாட்டுவது? அடுத்தவர் சட்டையை எடுத்துக் கொடுப்பதுபோல இருந்தது. ரெஸ்ட்லெஸ் கேட்டாள் சிஸ்டர்; நாத்தனார் வந்தாள். கம்ப்ளெயின் கேட்டாள், மாமியார் வந்தார்.

"குடும்பத்தையே வார்டுல அட்மிட் பண்ணிட்டீங்களே அக்கா" என்று சிஸ்டர் விளையாட்டாகத்தான் சொன்னாள். வகுப்பு கலைந்த பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, தேர்வு வார்டுலதான் நடக்கும். தலைமை சிஸ்டருக்குத் தமிழ் தெரியாது. உங்ககூட ஒரு சுத்து வருவாங்க, பாத்ததச் சொல்லச் சொல்லுவாங்க. அங்க உங்க வீட்டு ஆளுங்க யாரும் இருக்க மாட்டாங்க."

மறுநாள் மடிப்பக்கா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருமல்கூட அன்று பார்த்துத் தீவிரமாக வந்தது. உட்கார்ந்தபடியே விரிப்புகளை மடித்தாள். ஒன்றில் சலவைக்கும் அசையாத மருந்துக்கறை ஒரு மூலையில் மங்கலாகத் தெரிந்தது. போன வாரம் யாரோ அதில் படுத்திருக்கிறார்கள். நாளை வேறு யாரோ. அவருக்குப் பின் இன்னொருவர். விரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி முத்திரையைத் தவிர எந்தப் பெயரும் இல்லை. எந்த விரிப்பிலும் இருந்ததில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு விரிப்பாவது தொட்டிக்குப் போயிருக்கிறதா?

"அண்ணே" என்று மெஷின் பக்கம் குரல் கொடுத்தாள். "சட்டைக்குத்தான் ஆள் வேணும். விரிப்புக்கு ஆள் வேண்டாம். யாரு படுத்தாலும் அவங்களோடது. இல்ல?"

சோப்பண்ணன் மூடியை இறுக்கிக்கொண்டே திரும்பினார். "இதக் கண்டுபிடிக்கத்தான் காலையிலேருந்து மூஞ்சிய உம்முனு வச்சிருந்தியா?"

"இல்லண்ணே, வார்த்தையச் சொல்றேன். நான் எல்லாத்தையும் சட்டைன்னு நெனச்சுட்டேன்."

"உலகத்துல உன் புருஷன் ஒருத்தன்தான் பிடிவாதக்காரன்னு நெனச்சியாக்கும். என் வீட்டுக்கு வந்து பாரு, ரகம் ரகமா இருக்கு." பிறகு கொஞ்சம் யோசித்து, "என் பேருல ஏதோ வச்சிருக்கியாமே, அதையும் யாருக்காச்சும் குடுத்துடு. ஊர் பூரா என் குளியல் கதைதான்" என்றார்.

தெரிந்துகொண்டது ஒன்று, வாய்க்கு வருவது வேறு. பழக்க வேண்டுமே. முன்பின் தெரியாத முகங்கள் நிறைய வேண்டும். அவை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் அவள் வீட்டிலேயே இருந்தது. கணவன் ஓட்டும் பஸ்.

"வேலை முடிஞ்சதும் உங்க பஸ்ல ஒரு நடை வரேங்க. பேசாம உக்காந்து ஆளுங்களப் பாத்து வாக்கியம் சொல்லிப் பாக்கறேன்."

"வேணாம்."

"ஏன்?"

"பஸ்ல பேசக் கூடாதுன்னு போர்டே இருக்கு."

"டிரைவர்கிட்ட பேசக் கூடாதுன்னுதான் இருக்கு. நான் உங்ககிட்டயா பேசப் போறேன்? வீட்லயே பேசறதில்ல."

வேண்டாம் என்பதை மட்டும் அவர் இன்னொரு முறை சொன்னார். அவள் மறுநாள் மாலை டிக்கெட் எடுத்துக்கொண்டு, அவருடைய இருக்கைக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தாள். டிக்கெட் எடுத்த பயணியை இறக்கிவிட எந்த டிரைவருக்கு அதிகாரம் இருக்கிறது?

முதல் நாள் யாரைப் பார்த்தாலும் மாமியார்தான் வந்தார், எல்லா நிறுத்தத்திலும் ஏறிக்கொண்டு. இரண்டாவது நாள் நாத்தனாரை ஒருவழியாக இறக்கிவிட்டு, ஜன்னலோரம் தவித்துக்கொண்டிருந்த ஒரு மாணவிக்கு ரெஸ்ட்லெஸ்ஸைக் கொடுத்தாள். சட்டை மாற்றிப் போட்டதுபோல இல்லை, பொருந்திவிட்டது. உதடு அசைய அசையப் பேசிக்கொண்டு வரும் பெண்மணியைச் சிலர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவள் அவர்களுக்கும் ஆளுக்கொரு வாக்கியம் வைத்தாள்.

ஒருநாள் சிக்னலில் பஸ் நின்றபோது முன்னாலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. கணவன் கண்ணாடியைப் பார்த்தபடி, வாயை அதிகம் திறக்காமல் கேட்டார்:

"பின் கதவுகிட்ட நீலச் சட்டை. ஏறும்போதிருந்து வழிய மறிச்சுக்கிட்டு நிக்கறான். உள்ள போன்னா போக மாட்டேங்கறான். அவனுக்கு என்ன?"

"உங்க வார்த்தைதாங்க" என்றாள் அவள்.

கண்ணாடியில் அவர் மீசை லேசாக அசைந்தது. பச்சை விழுந்தது.

அதற்குப் பிறகு அவரே ஆள் பிடித்துக் கொடுக்க ஆரம்பித்தார். பல வருஷமாகக் கண்ணாடியில் முகங்களைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிற மனிதர்; யார் தூங்கி நிறுத்தத்தைத் தவறவிடுவார், யார் சண்டைக்குத் தயாராக இருக்கிறார் என்று அவருக்கு அத்துப்படி. மூன்றாவது வரிசையில் கையை மடியில் வைத்துக்கொண்டு வந்த ஒரு பெண்ணைக் காட்டி, "அழுமூஞ்சியா இருக்கு, ஆனா அழல. இதுக்கு ஏதாச்சும் இருக்கா?" என்றார் ஒருநாள். அவளிடம் இல்லை. வகுப்பில் கேட்டுக்கொண்டு வந்து மறுநாள் சொன்னாள்.

வீட்டுக்குச் செய்தி எட்டியது. மாமியார் கோபித்துக்கொண்டார்.

"என் வார்த்தைய பஸ்ல போறவ வரவளுக்கெல்லாம் குடுக்கறியாமே?"

"நீங்கதான வேண்டாம்னீங்க அத்தை?"

"வேண்டாம்னா ஊருக்கெல்லாம் குடுத்துடறதா? கேக்க ஆளில்லையா?" என்றவர் உடனே சுதாரித்துக்கொண்டு, "இது குறை சொல்றதில்ல. சும்மா கேட்டேன்" என்றார்.

தேர்வு நாள் வந்தது. மாடி வார்டில் சுவர் நீளத்துக்கு ஜன்னல்கள். உள்ளே நுழைந்ததும் மடிப்பக்கா தன்னையறியாமல் மூச்சை ஆழமாக இழுத்தாள். இருமல் வரவில்லை. தலைமை சிஸ்டர் உயரமான பெண். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. நட என்பதுபோலக் கையைக் காட்டினார்.

முதல் கட்டிலில் ஒரு பெண் இப்படியும் அப்படியும் புரண்டுகொண்டிருந்தாள். "ஷி இஸ் ரெஸ்ட்லெஸ்" என்றாள். சிஸ்டர் தலையை ஆட்டவில்லை. அவளுக்கு வலி, ஊசி போட இன்னும் நேரமாகவில்லை என்று மெதுவான இங்கிலீஷில் சொன்னார். அப்படிப் புரளும்போது முதலில் வலியா என்று கேட்க வேண்டும் என்றார். முதல் கோணல். எல்லாம் போயிற்று என்று மடிப்பக்காவுக்குத் தோன்றியது.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர். தட்டில் சாப்பாடு தொடாமல் இருந்தது. கேண்டீன் பெஞ்சில் லிஃப்டுக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டது அவள் கண்முன் வந்தது. ஸ்டபர்ன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இந்த முறை அவள் அவசரப்படவில்லை. அந்த மனிதரைப் பார்த்தாள். வலது கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கையை அசைக்காமல் பலகையோடு கட்டியிருந்தார்கள். இடது கை போர்வைக்கு மேல் கரண்டியைப் பிடித்தபடி கிடந்தது. விரல்கள் பழக்கமில்லாமல் அதைக் கெட்டியாகப் பற்றியிருந்தன. போர்வையில் கொஞ்சம் சிந்தி, துடைத்த ஈரம். அழைப்பு மணி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார்; பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"ஹி இஸ் ஹங்ரி" என்றாள். "ஹி ட்ரைட். ஹி இஸ் ரிலக்டன்ட் டு ஆஸ்க்."

சொல்லி முடித்த பிறகுதான், அந்த வாக்கியத்துக்குள் சோப்பண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

"நேற்றிலிருந்தே இப்படித்தான். நாங்கள் கேட்டால் பசியில்லை என்பார்" என்று தலைமை சிஸ்டர் சொன்னார். தொடர்ந்து, "என்ன செய்யலாம்?" என்றார். அது தேர்வுக் கேள்வியாகத் தெரியவில்லை. மடிப்பக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உணவைச் சின்னத் துண்டுகளாக்கி, கிண்ணத்தை அவருடைய இடது கைக்கு வாகாகப் பிடித்துக்கொண்டாள். கரண்டியை அவர் கையிலிருந்து வாங்கவில்லை. சுற்றின் மீதிக் கட்டில்கள் அன்று பார்க்கப்படவே இல்லை.

முடிவை வகுப்பு சிஸ்டர் படிக்கட்டில் இறங்கி ஓடி வந்து சொன்னாள். வேலை கிடைத்துவிட்டது, ஆனால் வகுப்பை விடக் கூடாது. வார்த்தை போதாது என்று தலைமை சிஸ்டர் சொன்னாராம். "போதாதுன்னு எனக்கே தெரியுமே" என்றாள் மடிப்பக்கா. சலவைக்கூடத்தில் அவளைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. இனிமேல் விரிப்பை யார் மடிப்பது என்று சோப்பண்ணன் சத்தம் போட்டார். சத்தத்தில் பாதி சந்தோஷம்.

வார்டில் அவளுடைய முதல் ஷிஃப்ட் முடிந்தபோது நர்ஸுகளும் தலைமை சிஸ்டரும் வட்டமாக நின்றார்கள். கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். சில இடங்களில் தடுக்கிற்று. கையால் காட்டிச் சமாளித்தாள். கடைசியில், கதவோரக் கட்டில் பெண்மணியிடம் வந்து நின்றுவிட்டாள். அந்தம்மாவை அன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பையைக் கட்டிவிட்டார், செருப்பையும் மாட்டிவிட்டார். ஆனால் பார்க்க யாரும் வராத பக்கத்துக் கட்டில் பெண்ணை விட்டுப் போக அவருக்கு மனசு கேட்கவில்லை. மனசு கேட்கவில்லை என்பதற்கு இங்கிலீஷில் என்ன?

முன்பென்றால் தெரிந்ததை மட்டும் சொல்லி ஒதுங்கியிருப்பாள். இப்போது, "வாட் இஸ் த வேர்ட்?" என்று வட்டத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

சோகம் என்றாள் ஒரு நர்ஸ். கவலை என்றாள் இன்னொருத்தி. குற்ற உணர்ச்சி என்று மூன்றாமவள். அது எப்படிக் குற்ற உணர்ச்சி ஆகும் என்று நான்காமவள் சண்டைக்கு வந்தாள். தங்கள் பாஷையில் அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது, இங்கிலீஷில்தான் கிடைக்கவில்லை என்றாள். எங்கள் பாஷையிலும் இருக்கிறது என்றாள் முதலாமவள். வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் பையை மாட்டியபடியே நின்று வாதாடினார்கள். மடிப்பக்கா ஒவ்வொன்றையும் மனதுக்குள் அந்தம்மாவின் மேல் விரித்துப் பார்த்தாள். ஒன்று நீளம் போதவில்லை, ஒன்று அகலம் போதவில்லை.

"ஹெர் பேக் இஸ் ரெடி" என்றாள் கடைசியில், ஒவ்வொரு சொல்லாக. "ஷி இஸ் சிட்டிங் ஆன் த அதர் பெட். ஷி இஸ் ஹோல்டிங் ஹெர் ஹாண்ட்."

தலைமை சிஸ்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். "புரிந்துவிட்டது. அவரை அழைத்துப் போகும் வண்டியைக் கொஞ்சம் தாமதமாக வரச் சொல்கிறேன்" என்றார். பேனாவை மூடிவிட்டு, "அந்த வார்த்தை கிடைத்தால் எனக்கும் சொல்" என்றார்.

சொல்கிறேன் என்று மடிப்பக்கா தலையை ஆட்டினாள். பிறகு அலமாரியிலிருந்து வெளுத்த விரிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, காலியாகப் போகிற கட்டிலை நோக்கி அவசரமில்லாமல் நடந்தாள்.